காற்றுக்கும் கணக்கு உண்டு!



பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, இராஜேந்திர சோழன் கடாரம் கொண்ட கதையைத்தான் எழுதித் தருவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்தக் கதை பல மலர்களில் வந்துவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். நான் எடுத்துக்கொண்டிருப்பது வேறு ஒரு வரலாறு. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவுக்குப் போன நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிற ஓர் இடம் உண்டு. வாயு விதிகள் என்பது அதன் பெயர். காற்றை அமுக்கினால் என்ன ஆகும், சூடாக்கினால் என்ன ஆகும் என்பதுதான் பாடம்.

"காத்துக்கு என்னங்க வரலாறு?" என்று கேட்டுவிடாதீர்கள். உண்டு. அந்த வரலாற்றிலே நமது பால்மரம் இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியதற்கான காரணமும் அதிலே ஒளிந்திருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் சொந்தக் கதை கொஞ்சம். பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பிறகு ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்தில் போய் வந்தவன் நான். நான்காம் படிவத்தில் வாயு விதிகளுக்கு முதல் சோதனை வைத்தார்கள். பத்துக் கேள்வி. எனக்குக் கிடைத்தது இரண்டு மதிப்பெண். கணக்கு எனக்கு வராத பாடமில்லை. ஆனாலும் எட்டுக் கேள்வி தப்பு. ஏன் தப்பு என்றுகூடத் தெரியவில்லை. அறிவியல் பிரிவை விட்டுவிட்டுக் கலைப் பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்ற முடிவோடு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். விடிகாலையில் நெற்றி விளக்கோடு பால்வெட்டுக்குப் போய், மதியம் வீடு திரும்பியவர். விஷயத்தைச் சொன்னேன்.

"என்னடா தம்பி, காத்துக்குக் கணக்கா?" என்றார். "டயரைக் கட்டைவிரலால அமுக்கிப் பாரு. கல்லு மாதிரி இருந்தா போதும். அதான் கணக்கு."

நான் பேசவில்லை. அவர் நாலு அடி அடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தை என் கையில் வைத்தார். "சுடுதா? இது ஏன் சுடுதுன்னு எனக்கு இருபது வருசமா தெரியல. நாளைக்கு உங்க வாத்தியாரக் கேட்டுட்டு வந்து சொல்லு. அப்புறம் பிரிவு மாத்துறதப் பத்திப் பேசலாம்."

மறுநாள் கேட்டேன். எங்கள் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு அன்று முழுவதும் அந்தப் பம்பைப் பற்றியே பேசினார். நான் பிரிவு மாறவில்லை. அவர் சொன்னதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு, பிற்பாடு நானாகத் தேடிப் படித்தவற்றையும் சேர்த்துத்தான் உங்களுக்கு இங்கே சொல்கிறேன்.

இங்கிலாந்திலே 1660 ஆம் ஆண்டு ராபர்ட் பாயில் என்பவர் காற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அயர்லாந்தில் பிறந்த பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. ராபர்ட் ஹூக் என்ற கெட்டிக்கார உதவியாளர் அவருக்கு ஒரு காற்றுப் பம்பு செய்து கொடுத்திருந்தார். காற்றுக்குச் சுருள்வில்லைப் போல ஒரு திமிறும் குணம் இருக்கிறது, அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும் என்று பாயில் எழுதினார். பிரான்சிஸ் லைன் என்ற பாதிரியார் அதை மறுத்தார். காற்று ஒன்றும் தள்ளுவதில்லை, கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல்தான் குழாயிலுள்ள பாதரசத்தை மேலே பிடித்து இழுக்கிறது என்பது அவர் வாதம். இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தப் பாதிரியார் மட்டும் மறுத்துப் பேசியிருக்காவிட்டால் பாயில் அளந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகமே.

பாயில் ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயை எடுத்து அடிப்பக்கம் வளைத்தார். குட்டையான கை ஒன்று, நெட்டையான கை ஒன்று. குட்டைக் கையின் வாயை அடைத்துவிட்டார். நெட்டைக் கை வழியாகப் பாதரசத்தை ஊற்றினால் அடைபட்ட காற்று மாட்டிக்கொள்ளும். ஊற்ற ஊற்ற, அது சுருங்கும். குழாய் அறைக்குள் அடங்காத உயரம் என்பதால் மாடிப்படியில் நிறுத்தி வைத்துச் செய்தார்கள். ஒரு குழாய் உடைந்தும் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் குழாய் உடைத்துவிட்டுப் பயந்து நிற்கும் மாணவர்களே, உங்களுக்கு முன்னோடி இருக்கிறார்!

1662 இல் அவர் வெளியிட்ட அட்டவணை இன்றும் கிடைக்கிறது. காற்று 48 பிரிவு இடத்தை அடைத்திருந்தபோது அதன்மேல் இருந்த அழுத்தம் 29 1/8 அங்குலப் பாதரசம். இடம் பாதியாகி 24 ஆனபோது அழுத்தம் 58 13/16 அங்குலம். இன்னும் பாதியாகி 12 ஆனபோது 117 9/16. இடத்தையும் அழுத்தத்தையும் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 1,398. இரண்டாவது 1,411 சொச்சம். மூன்றாவது 1,410 சொச்சம். ஏறக்குறைய ஒரே எண். பாதி இடம் என்றால் இரட்டை அழுத்தம், கால் இடம் என்றால் நான்கு மடங்கு. இதுதான் பாயில் விதி. இந்தக் கருத்தை ரிச்சர்ட் டவுன்லி என்பவர்தான் முதலில் சொன்னார் என்று பாயிலே எழுதி வைத்திருக்கிறார். பெயர் என்னவோ பாயிலுக்குத்தான் நிலைத்தது.

வெப்பநிலை மாறாமல் இருந்தால்தான் இந்த விதி செல்லும். அப்பாவின் பம்பு இங்கேதான் வருகிறது. வேகமாக அமுக்கும்போது, நாம் கையால் செய்யும் வேலை காற்றுக்குள் வெப்பமாகப் போய்ச் சேருகிறது. அது வெளியேற அவகாசம் இல்லை, பம்பு சுடுகிறது. ஆகவே சைக்கிளுக்கு வேகமாகக் காற்றடிக்கும்போது பாயில் விதி அப்படியே பொருந்தாது. எங்கள் ஆசிரியர், "உங்கப்பா கேட்டதுதான் அசல் கேள்வி. புத்தகத்துல இதைச் சின்ன எழுத்துல போட்டிருக்கான்" என்றார். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இனி நம் பால்மரத்துக்கு வருகிறேன்.

1783 ஆம் ஆண்டு. பிரான்சு தேசத்தில் மோங்கோல்பியே சகோதரர்கள் வெப்பக் காற்றை நிரப்பிப் பெரிய பலூன் ஒன்றை மேலே அனுப்பிவிட்டார்கள். பாரிஸ் நகரமே அதைப் பற்றிப் பேசியது. ழாக் சார்லஸ் என்ற அறிவியலறிஞர், வெப்பக் காற்றை விட ஹைட்ரஜன் வாயு மிகவும் லேசானதாயிற்றே, அதை நிரப்பினால் என்ன என்று யோசித்தார். பெரிய தொல்லை ஒன்று இருந்தது. ஹைட்ரஜன் துணியின் இழை வழியே கசிந்து ஓடிவிடும். எந்தப் பையில் அதைப் பிடித்து வைப்பது?

ரோபேர் சகோதரர்கள் என்ற இரு கைவினைஞர்கள் வழி கண்டார்கள். தென் அமெரிக்கக் காட்டு மரங்களிலிருந்து வந்த ரப்பரை டர்ப்பன்டைன் எண்ணெயில் கரைத்துப் பட்டுத் துணியின் மேல் பூசினார்கள். வாயு கசியவில்லை. ஆம், வாசகர்களே! உலகின் முதல் ஹைட்ரஜன் பலூனை மேலே தூக்கியது வாயு என்றால், அந்த வாயுவைப் பிடித்து வைத்தது ரப்பர். மலாயாவில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லாத காலம் அது. 

அரை டன் இரும்பின் மேல் கால் டன் கந்தக அமிலத்தை ஊற்றி ஹைட்ரஜன் தயாரித்தார்கள். 1783 ஆகஸ்ட் 27 ஆம் நாள், பாரிசில் பெருங்கூட்டத்துக்கு முன் பலூன் எழும்பியது. முக்கால் மணி நேரம் பறந்து, கொனேஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. அங்கே குடியானவர்கள் ஏதோ பூதம் வந்துவிட்டது என்று நினைத்து, வைக்கோல் அள்ளும் கவைகளோடு ஓடிவந்து அதைக் குத்திக் கிழித்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்ம லயத்து வாசலில் வானத்திலிருந்து பொத்தென்று ஒன்று விழுந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டால் நாம் மட்டும் என்ன செய்வோம்?

அந்தப் பலூனை வாய்வரை நிரப்பி இறுக மூடி அனுப்பியிருந்தார்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். உள்ளேயிருக்கும் வாயு பாயில் விதிப்படி விரியும். விரிய இடமில்லாமல் பை கிழிந்துவிட்டது. சார்லஸ் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் அவரும் ரோபேர் சகோதரர்களில் ஒருவரும் தாமே ஏறிப் பறந்தபோது, அதிகப்படி வாயு வெளியேற வழி வைத்துக்கொண்டார்கள். முதல் இறக்கத்துக்குப் பிறகு சார்லஸ் மட்டும் மீண்டும் ஏறினார். ஆள் பாரம் குறைந்ததால் பலூன் விர்ரென்று ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. காதில் கடுமையான வலி. இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவர் பலூனில் ஏறவே இல்லை.

அந்தக் காது வலியை நீங்களும் சிறிய அளவில் கண்டிருப்பீர்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்தில் ஏறும்போது காது அடைக்கிறதே, அதே சங்கதிதான். அடுத்த முறை போகும்போது மூடிய முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். தானா ராத்தா போய்ச் சேரும்போது அது தலையணை போல் உப்பியிருக்கும். பிள்ளைகளுக்குப் பாயில் விதியை இதைவிட மலிவாகக் காட்ட முடியாது. பிறகு முறுக்கையும் தின்னலாம்.

பறப்பதை விட்ட சார்லஸ், சூடாக்கும்போது வாயுக்கள் எப்படி விரிகின்றன என்று 1787 வாக்கில் ஆராய்ந்தார். வெவ்வேறு வாயுக்கள் ஒரே அளவாக விரிவதைக் கண்டார். கண்டவர் அதை அச்சிடவில்லை. 1802 இல் கே லூசாக் என்ற இளம் ரசாயன அறிஞர் இன்னும் துல்லியமாக அளந்து வெளியிட்டு, சார்லஸ் எனக்கு முன்பே இதைக் கண்டார் என்று எழுதினார். அந்த ஒரு வரியால்தான் இன்று அது சார்லஸ் விதி. வாயுவின் வெப்பம் பூச்சியப் பாகையிலிருந்து ஒரு பாகை உயர்ந்தால், அது தன் கன அளவில் ஏறக்குறைய 267 இல் ஒரு பங்கு விரிகிறது என்று கே லூசாக் கணக்கிட்டார். பிற்பாடு அளந்தவர்கள் அதை 273 இல் ஒரு பங்கு என்று திருத்தினார்கள்.

மாணவர்களே, இந்த 273 தான் என் எட்டு மதிப்பெண்களைத் தின்ற எண். ஒரு பாகை குறைந்தால் 273 இல் ஒரு பங்கு சுருங்கும் என்றால், 273 பாகை குறைந்தால்? கணக்குப்படி ஒன்றுமே மிஞ்சாது. உண்மையில் அதற்கு முன்பே வாயு திரவமாகிவிடும். ஆனாலும் அதற்குக் கீழே குளிர்ச்சி என்பதே கிடையாது என்று ஓர் அடித்தளம் இருக்கிறது. 1848 இல் கெல்வின் என்று பின்னாளில் பட்டம் பெற்ற வில்லியம் தாம்சன், அங்கிருந்தே வெப்பத்தை எண்ண வேண்டும் என்று சொன்னார். நம் பாகைமானியில் பூச்சியம் என்பது தண்ணீர் உறையும் இடம். நமது வசதிக்காக வைத்துக்கொண்டது. காற்றுக்கு அந்த இடம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கெல்வின் மட்டுமே. ஆகவே வெப்பநிலையோடு 273 ஐக் கூட்டாமல் வாயுக் கணக்கில் கை வைக்கக் கூடாது.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். காலையில் வெப்பம் 30 பாகை. மோட்டார் சைக்கிள் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் காற்று என்று கருவி காட்டுகிறது. மதிய வெயிலில் டயருக்குள் 60 பாகை. இப்போது அழுத்தம் என்ன? நான் போட்டது: 30 பாகை 60 ஆகிவிட்டது, இரட்டிப்பு, ஆகவே அழுத்தமும் 60 ராத்தல். அப்படி ஆவதாக இருந்தால் ஈப்போ முழுக்க மதியம் டயர் வெடிக்கும் சத்தமாகவே இருக்கும்! சரியான வழி: 303 கெல்வின் 333 கெல்வின் ஆகிறது. நூற்றுக்குப் பத்துப் பங்கு உயர்வு. சரி, 30 ராத்தல் 33 ஆகிவிட்டது என்று எழுதலாமா? அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. டயர்க் கருவி வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் காட்டும். வெளிக்காற்றின் 14.7 ஐச் சேர்த்தால் உள்ளே உண்மையில் இருப்பது 44.7. அது 49.1 ஆகிறது. 14.7 ஐக் கழித்தால் கருவி காட்டுவது 34.4. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு வாயு விதியில் இனிப் பயமில்லை.

பெற்றோர்களே, கணக்கைப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இனி உங்களுக்கும் எனக்கும் நெருங்கிய ஆட்கள் வருகிறார்கள்.

வட இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊரில் ஜான் கஃப் என்று ஒருவர் இருந்தார். மூன்று வயது ஆவதற்கு முன்பே அம்மை நோயில் கண் பார்வை போய்விட்டது. இருந்தும் பெரிய படிப்பாளி. ஓர் ஏழை நெசவாளியின் மகனை அவர் சேர்த்துக்கொண்டு கணிதமும் இயற்கை நூலும் கற்பித்தார். அந்தப் பையன் பன்னிரண்டு வயதிலேயே கிராமப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன். அவன்தான் ஜான் டால்டன். கலவையாக இருக்கும் வாயுக்களில் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அழுத்தம் தருகிறது என்ற விதியை 1801 இல் சொன்னவர், அணுக் கொள்கையை நிலைநாட்டியவர், அந்த நெசவாளி மகனே. நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்து "இதுங்களுக்கு எதுக்கு அறிவியல்" என்று பேசுகிறவர்கள் எதிரில் வந்தால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

குருவான கஃப் என்ன செய்தார் தெரியுமா? ஒரு ரப்பர்த் துண்டை உதட்டில் வைத்து வெடுக்கென்று இழுத்தார். சூடு தெரிந்தது. தளர விட்டார், குளிர்ந்தது. பாரம் தொங்கவிட்டு நீண்ட ரப்பரைச் சூடாக்கினால் மற்றப் பொருள்களைப் போல் நீளாமல் சுருங்குகிறது என்பதையும் கண்டார். 1805 இல் இது அச்சாயிற்று. கண்ணில்லாதவர் உதட்டால் கண்டுபிடித்த உண்மை. காற்றை அமுக்கினால் சூடாகிறது. ரப்பரை இழுத்தால் சூடாகிறது. அடைத்த காற்றைச் சூடாக்கினால் அதிகமாகத் தள்ளுகிறது. இழுத்த ரப்பரைச் சூடாக்கினால் அதிகமாக இழுக்கிறது. இரண்டும் ஒரே தத்துவம் என்பதை 1930களில்தான் விளக்கினார்கள். காற்றின் மூலக்கூறுகள் கலைந்து திரிய விரும்புவதைப் போல், ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் சிக்கலாகச் சுருண்டு கிடக்கவே விரும்புகின்றன. நாம் இழுத்து ஒழுங்குபடுத்தினால் அவை திமிறுகின்றன. அன்றாடம் மங்கிலும் வாளியிலும் பாலை ஊற்றிய நம்மவர்கள் கையில் இவ்வளவு பெரிய விஷயம் ஒழுகிக்கொண்டிருந்தது.

பிறகு டயர் வந்தது. 1845 இல் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த டயருக்கு உரிமம் வாங்கினார். அதை வாங்க ஆள் இல்லை. 1888 இல் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியம் பார்த்துவந்த ஜான் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டி கல்லில் தடதடவென்று ஓடுவதைப் பார்த்து அதே யோசனைக்கு மறுபடியும் வந்து சேர்ந்தார். இம்முறை சைக்கிள் பெருகியிருந்தது. பின்னாலேயே மோட்டார் காரும் வந்தது. டயரில் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, அமுக்கிய காற்று. ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கும் பை மட்டுமே, சார்லசின் பலூனைப் போல. ஆனால் அந்தப் பைக்கு வேறு எதுவும் ஈடாகவில்லை.

இதற்கிடையில் 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்கு ரப்பர் விதைகளைக் கொண்டுபோயிருந்தார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877 இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலே சில நம் பேராக்குக்கு வந்தன. பேராக்கின் ஆங்கிலேய ஆலோசகராக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் அவற்றை நட்டார். அந்தக் காலத்து மரம் என்று இன்றும் கோலகங்சாரில் ஒரு முதிய ரப்பர் மரத்தைக் காட்டுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து அதிக தூரமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நடப்பட்டபோது அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. காப்பி பயிரிடுவதில்தான் துரைமார்களுக்கு நாட்டம். டயர் வந்த பிறகே நிலைமை தலைகீழாயிற்று. 1910 இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது.

காட்டை வெட்டினார்கள், மரத்தை நட்டார்கள். வெட்ட ஆள் வேண்டுமே! தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கங்காணிகள் போனார்கள். ஆள் கொண்டுவரும் செலவுக்கு 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938 இல் இந்திய அரசு, உதவிப் பயணத்தில் கூலியாட்கள் மலாயாவுக்குப் போவதைத் தடை செய்யும் வரை வந்துகொண்டே இருந்தார்கள். ஆக, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எவனோ டயருக்குள் காற்றை அமுக்கினான். அந்த அமுக்கத்தில் இங்கே நம் பாட்டிமார் அதிகாலைப் பெரட்டுக்கு வந்து நின்றார்கள். 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது அப்படித்தான். மாட்டுக் கொட்டகை போன்ற கட்டடங்களும், ஒரே வாத்தியார் எல்லா வகுப்புகளையும் பார்த்துக்கொண்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வாயு விதி இருக்கட்டும், அறிவியல் என்ற சொல்லே அந்தப் பள்ளிகளில் அரிது.

ஆனால் தமிழுக்கு அது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் தம் மாணவர்களுக்குத் தமிழிலேயே பாடம் நடத்தியவர். 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற பெரிய ரசாயன நூல் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. 1916 இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்க ஒரு சங்கம் வைத்தார்கள். இராஜாஜி பிறகு 'திண்ணை இரசாயனம்' என்ற நூலையே எழுதினார். ஆகவே தமிழில் காற்றின் கணக்கைச் சொல்ல முடியாது என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் பிள்ளைகளின் இன்றைய தொல்லை வேறு. தமிழ்ப்பள்ளியில் 'அழுத்தம்' என்று கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் 'தெக்கானான்' என்று படிக்கிறது. சில பள்ளிகளில் 'பிரஷர்' என்று படிக்கிறது. 'கன அளவு' அங்கே 'இசி பாடு'. 2003 இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். பின்னர் அதைக் கைவிட்டார்கள். 2016 முதல் சில பள்ளிகளில் இருமொழித் திட்டம். ஒவ்வொரு மாற்றத்திலும் மூட்டையைச் சுமக்கிறவை பிள்ளைகள்தாம். என் அனுபவத்தில், வாயு விதியில் தோற்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் விதியில் தோற்பதில்லை. கேள்வியில் 'வெப்பநிலை மாறாமல்' என்று எழுதியிருப்பதை விளங்கிக்கொள்ளாமல் தோற்கிறார்கள். எட்டாம் ஒன்பதாம் வயதிலேயே ஒரு பொருளுக்கு மூன்று பெயரையும் ஒரு சிறு நோட்டில் எழுதிப் பழக்கிவிட்டால் இந்த ஆபத்துப் பாதி தீரும். இதற்குக் காசு செலவில்லை.

இப்போதைய பாடத்திட்டத்தில் மூன்று விதிகளும் நான்காம் படிவ இயற்பியலில் வெப்பம் என்ற பகுதியில் வருகின்றன. வேதியியலில் மோல் கணக்காக வேறு உருவில் வருகின்றன. அறை நிலையில் ஒரு மோல் வாயு, எந்த வாயுவானாலும், 24 கன டெசிமீட்டர் என்று பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்று 1811 இல் அவகாட்ரோ சொன்னதன் பேரப்பிள்ளை அது. மனப்பாடம் செய்வதோடு நில்லாமல் கையால் செய்து பாருங்கள். ஊசி இல்லாத மருந்துக் குழல் ஒன்றின் வாயை விரலால் அடைத்து, தண்டை அமுக்குங்கள். பாதி வரை எளிதாகப் போகும். கால் பங்குக்குக் கொண்டுவரப் பாருங்கள்; விரல் வலிக்கும். பாயிலின் அட்டவணையை உங்கள் விரலே சொல்லிவிடும்.

பழைய ஆட்களுக்கு ஒரு நினைவூட்டல். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட வீடு ஞாபகமிருக்கிறதா? அடியில் விறகு, மேலே வரிசையாகத் தொங்கும் ஷீட்டு, கூரையில் புகை போக வழி. 30 பாகைக் காற்று நூறு லிட்டர் அந்த வீட்டுக்குள் போய் 60 பாகையானால் 110 லிட்டராகும். அதே எடை, அதிக இடம். ஆகவே லேசாகி மேலே ஏறும். கீழே புதுக்காற்று தானாக உள்ளே வரும். சார்லஸ் விதி தெரியாத தொழிலாளி, விறகை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று சரியாகச் செய்துகொண்டிருந்தார். அந்த வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது; சில இடங்களில் அதுவும் போய்த் தாமான் வீடுகள் எழுந்துவிட்டன. எங்கள் லயம் இருந்த இடத்தை நானே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் சைக்கிள் பம்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. தோல் வாஷர் காய்ந்துவிட்டது. தேங்காயெண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன்.

விழா நாளன்று அறிவியல் மேசையில் அந்தப் பம்பும், இரண்டு மருந்துக் குழல்களும், ஒரு டப்பா நிறைய அகலமான ரப்பர் வளையங்களும் இருக்கும். மாணவர்கள் கேமரன் முறுக்குக் கணக்கைப் போட்டுக்கொண்டு வாருங்கள்: தாப்பாவில் பொட்டலத்துக்குள் ஒரு லிட்டர் காற்று, அழுத்தம் 101 கிலோபாஸ்கல், வெப்பம் 30 பாகை, தானா ராத்தாவில் அழுத்தம் 85, வெப்பம் 20 பாகை. பொட்டலம் தாராளமாக விரியக்கூடியது என்று வைத்துக்கொண்டால் 1.15 லிட்டர் வர வேண்டும். வராதவர்கள் 273 ஐத் தேடுங்கள். பெற்றோர்கள் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து, உதட்டில் ஒட்டினாற்போல் வைத்து, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சிரிக்க மாட்டோம்.